பதினொரு நிமிடம்

என் ஓரகத்தியின் வகுப்பில் யாரும் தூங்குவதில்லை. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். கடந்த நான்கு மாதமாக இதை என்னிடம் சொல்லாத ஆள் இந்த மருத்துவமனையில் கிடையாது. கேன்டீனில் சொன்னார்கள், லிஃப்டில் சொன்னார்கள், கையெழுத்துப் போடப் போன இடத்தில் சொன்னார்கள். கடைசியில் என் வீட்டுக்காரரே, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "தம்பி பொண்டாட்டி கிளாஸ்ல ஒருத்தர்கூட தூங்கறதில்லையாமே" என்றார். வேறு யார் வகுப்பில் தூங்குகிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் காது கேட்கும். இன்னும் கொஞ்சம் போடு என்று அவர் தட்டை நீட்டியபோது பாத்திரம் காலி என்றேன். காலியில்லை.

நானும் அவளும் ஒரே வேலைதான் பார்க்கிறோம். வார்டு உதவியாளர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று நாற்பது ஐம்பது வயதைத் தொட்டவர்களை உட்கார வைத்துப் பயிற்சி கொடுப்பது. நோயாளியைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு எப்படி மாற்றுவது, எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, தன் முதுகு போகாமல் எப்படித் தூக்குவது, இப்படி. நான் இதைப் பன்னிரண்டு வருடமாகச் செய்கிறேன். அவள் நான்கு மாதமாக.

அவளை இந்தப் பிரிவுக்குக் கொண்டுவந்ததும் நான்தான். வார்டில் வேலை பார்த்து அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது, நிர்வாக அதிகாரியிடம் போய் "கெட்டிக்காரி சார், எங்க வீட்டுப் பொண்ணு" என்று பல்லைக் காட்டியது இந்த வாய்தான். அவள் தினமும் ஜம்மென்று வந்து இறங்குகிற ஸ்கூட்டரும் நான் ஓட்டக் கற்றுக்கொடுத்ததுதான். ஏழு வருடத்துக்கு முன்னால் என் கொழுந்தன் இரண்டு நாள் அந்த வண்டியோடு கூடவே ஓடிக் கத்திப் பார்த்துவிட்டு, இவளுக்கு இந்த ஜென்மத்தில் வராது என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். நான் பத்து நாளில் ஓட வைத்தேன். என் கையாலேயே என் கண்ணைக் குத்திக்கொள்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

இதெல்லாம் சும்மா பொருமலோடு போயிருக்கும். ஆனால் போன மாதம் அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். புதுக் கட்டடம் திறக்கப் போகிறார்கள். பயிற்சிப் பிரிவுக்கு இனிமேல் ஒரே ஒரு பொறுப்பாளர்தான். இன்னொருவர் வார்டுக்குத் திரும்ப வேண்டும், ஷிப்டு முறையில். ஆளுக்குப் பத்துப் பேர் கொண்ட ஒரு குழு. பயிற்சி முடிந்து மூன்று வாரம் கழித்து வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து அவர்களைச் சோதிப்பார். அதை வைத்து முடிவு.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. எட்டு மணி நேரம் வார்டில் நின்றால் மறுநாள் படியிறங்க முடியாது. அதனால் எனக்கு அந்த நாற்காலி வேண்டும். உட்காருவதற்காக வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்வதென்றால் வலியைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அவள் அதில் உட்காரக் கூடாது.

என் வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுபத்திரண்டு ஸ்லைடு. ஒவ்வொன்றும் நானே செய்தது, அம்புக்குறி போட்டு, கலர் கொடுத்து. ஒரு ஸ்லைடு முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். பத்துத் தலையும் ஒன்றாக ஆடும். கடைசியில் வீல்சேருக்கு மாற்றும் ஏழு படிகளை எல்லோரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். ஒன்று, நோயாளியிடம் சொல்லு. இரண்டு, நாற்காலியைப் பக்கத்தில் கொண்டு வா. மூன்று, பிரேக் போடு. நான்கு, கால்தாங்கியை மடக்கு. ஐந்து, அவரை உட்கார வை. ஆறு, பிடித்துத் தூக்கு. ஏழு, திருப்பி உட்கார வை. அந்தச் சத்தம் வராந்தா கடைசிவரை கேட்கும். கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். கருத்துப் படிவத்தில் எல்லோரும் 'மிக நன்று' என்ற கட்டத்தில்தான் டிக் போடுவார்கள். பன்னிரண்டு வருடப் படிவங்களும் என் அலமாரியில் இருக்கின்றன.

குழு பிரிக்கும் வேலை மூத்தவள் என்ற முறையில் என்னிடம் வந்தது. வெட்கமில்லாமல் பிரித்தேன். தலையாட்டி என் குழுவில். அவர் ஆண்கள் வார்டு உதவியாளர். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தலையாட்டத் தொடங்குவார், அதனால் அந்தப் பெயர். அவரைப் போல் சட்டென்று ஒப்பிக்கிற பத்துப் பேரைப் பொறுக்கியெடுத்தேன். மிச்சம் அவளுக்கு. அந்த மிச்சத்தில் முதல் ஆள் உம்மணாமூஞ்சி. இருபத்திரண்டு வருடமாக ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறார், என் வகுப்பில் ஒருநாள்கூட வாயைத் திறந்ததில்லை. ஏழு படி சொல்லுங்கள் என்றால் சுவரைப் பார்ப்பார். இரண்டு முறை ஃபெயில் போட்டிருந்தேன். மூன்றாவது முறையும் போனால் அவரைச் சாமான் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள்.

வகுப்பு நேரமும் நான்தான் போட்டேன். எனக்குக் காலை பத்து மணி. அவளுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, ஜன்னல் இல்லாத மாடி அறையில்.

பட்டியலை அவள் மேலிருந்து கீழ்வரை படித்தாள். "அந்த ரூம்ல ஒரு பழைய கட்டில் கிடக்கு, அதை எடுத்துட வேணாம்னு சொல்லிடுங்கக்கா" என்றாள், அவ்வளவுதான். அவள் ஒரு வார்த்தை முறைத்துப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டாவது வாரம் என்னால் பொறுக்க முடியவில்லை. மூத்த பயிற்சியாளர் பார்வையிடலாம் என்று விதி இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகமும் கைக்கடிகாரமுமாக அவள் வகுப்பில் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தேன்.

இருக்கை என்று சொன்னது தப்பு. நாற்காலிகளையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டிருந்தாள். நடுவில் அந்தப் பழைய கட்டிலும் வீல்சேரும். ப்ரொஜெக்டர் உறைகூடக் கழற்றப்படவில்லை. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "கை நழுவி யாரையாவது கீழ விட்டிருக்கீங்களா? நான் விட்டிருக்கேன்" என்றாள்.

பிறகு அதைச் சொன்னாள். வார்டில் ஒரு அம்மாள், பிரேக் போட்ட ஞாபகம், போடவில்லை, நாற்காலி பின்னால் நகர்ந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு இடுப்பில் விரிசல். நான் பேனாவை நிறுத்திவிட்டேன். பதினாறு வருடமாக மேல்வீடு கீழ்வீடு என்று ஒன்றாக இருக்கிறோம், என்னிடம் அவள் இதைச் சொன்னதேயில்லை. வகுப்பில் பத்துப் பேர் முன்னால் சொல்கிறாள். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு வந்தது வேலைப் பொறாமை இல்லை, அதைவிட மோசமானது.

அப்புறம் உம்மணாமூஞ்சி பேசினார். அவர் குரல் எப்படியிருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் கீச்சுக் குரல். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒருவரைத் தூக்கும்போது அவர் பயந்து இவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டதாகவும், இருவரும் விழுந்ததாகவும், அன்றிலிருந்து யார் கழுத்தருகே கையைக் கொண்டுவந்தாலும் தனக்கு உடம்பு விறைத்துவிடும் என்றும் சொன்னார். அடுத்து துப்புரவு அம்மா ஒருத்தி, அடுத்து இன்னொருத்தர். நாற்பது நிமிடம் இதுவே. நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பாடம் இன்னும் தொடங்கவேயில்லை.

அப்புறம் அவள் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். நான் நோயாளி, என்னை அந்த நாற்காலிக்கு மாற்றுங்கள் என்றாள். அவ்வளவு எளிதில் மாறுகிற நோயாளியா அவள்? வலிக்கிறது என்றாள், வேண்டாம் என்றாள், செருப்பைக் காணோம் என்றாள், எழுந்த பாதியில் தலை சுற்றுகிறது என்று சரிந்தாள். அறையே சிரிப்பும் கூச்சலுமாகக் கிடந்தது. உம்மணாமூஞ்சியின் கழுத்தை இரண்டு முறை வளைத்துப் பிடித்தாள். முதல் முறை அவர் விறைத்துப்போய் நின்றார். இரண்டாவது முறை அவள் கையை மெதுவாக எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். யாராவது தப்புச் செய்தால் அவள் திருத்தவில்லை. மற்றவர்களைப் பார்த்து, இப்போது எனக்கு எங்கே வலித்தது சொல்லுங்கள் என்று கேட்டாள். அவர்களே சொன்னார்கள். ஒருமுறைகூட "புரிஞ்சுதா" என்று கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் உட்கார்ந்து அதிகாரிக்கு அறிக்கை எழுதினேன். இதில்தான் என் சாமர்த்தியம். பொறாமையில் எழுதினாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. அதனால் குறை என்ற வார்த்தையே போடவில்லை. நடந்ததை நடந்தபடி வரிசையாக எழுதினேன். படிக்கிறவர்கள் தானாகத் தலையில் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றரை மணி நேர வகுப்பில் பயிற்சியாளர் பேசியது மொத்தம் பதினொரு நிமிடம். மீதி நேரம் முழுவதும் பயிற்சி பெற வந்தவர்களே பேசினார்கள், அல்லது செய்தார்கள். ஸ்லைடு எதுவும் பயன்படுத்தப்படவில்லை. பயிற்சியாளர் தாம் செய்த தவறு ஒன்றை முதலில் அனைவர் முன்னும் கூறினார். பெரும்பாலான நேரம் கட்டிலில் படுத்திருந்தார். தவறுகளைப் பயிற்சியாளர் திருத்தவில்லை, கற்பவர்களே ஒருவரையொருவர் திருத்திக்கொண்டார்கள். யாரும் குறிப்பு எழுதவில்லை.

இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இதைப் படித்த பிறகும் அவளுக்கு நாற்காலி கொடுக்கிறவன் இருந்தால் அவனுக்கு மண்டையில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். அறிக்கையைத் தேர்வுக்கு முந்தைய நாள் அதிகாரியின் மேஜையில் வைத்தேன்.

தேர்வாளர் ஒல்லியான மனிதர், மூக்கில் கண்ணாடி. பேப்பர், பேனா எதையும் எடுக்கவில்லை. நேராகப் போய்ச் சோதனை அறைக் கட்டிலில் படுத்துக்கொண்டு போர்வையை மார்புவரை இழுத்துவிட்டார். அவர் படுத்த விதம் எனக்குத் தெரிந்த விதமாக இருந்தது.

முதலில் தலையாட்டி. அழகாகத் தொடங்கினார். வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு நோயாளியிடம் சொன்னார், நாற்காலியைக் கொண்டுவந்தார், பிரேக் போட்டார், கால்தாங்கியை மடக்கினார். ஐந்து என்று அவரை உட்கார வைத்தார். தேர்வாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "இருப்பா, தலை சுத்துது" என்றார். தலையாட்டி தலையை ஆட்டினார். "ஆறு" என்று சொல்லிவிட்டுப் பிடித்துத் தூக்கினார்.

தேர்வாளர் துணிமூட்டை மாதிரி மொத்தப் பாரத்தையும் விட்டுவிட்டார். நடிப்புதான், ஆனால் விழுந்தால் நிஜமாகத்தான் விழுவார். தலையாட்டி அவரைப் பிடித்தபடியே பின்னால் சாய்ந்தார். அடுத்து என்ன செய்வது என்று என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஏழாவது படியைத் தவிர வேறெதுவும் இல்லை. சுவரோரம் தன் முறைக்காகக் காத்திருந்த உம்மணாமூஞ்சி இரண்டே எட்டில் வந்து, முழங்காலை நடுவில் கொடுத்துத் தாங்கி, தேர்வாளரைக் கட்டிலில் திரும்ப உட்கார வைத்தார். வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

அவர் முறை வந்தபோது தேர்வாளர் அவரை ஒரு வழி செய்துவிட்டார். எழுந்திருக்க மாட்டேன் என்றார். திட்டினார். கடைசியில் அவர் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். உம்மணாமூஞ்சி அந்தக் கைகளை மெதுவாக எடுத்துத் தன் தோளில் வைத்தார். பிறகு கட்டிலிலேயே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அவசரம் ஒண்ணுமில்லைங்க," என்றார் அந்தக் கீச்சுக் குரலில். "நான் எங்கயும் போகல. உங்களுக்கு எப்ப முடியும்னு தோணுதோ அப்ப சொல்லுங்க."

தேர்வாளர் காலைத் தரையில் ஊன்றினார். பிறகு "இப்ப முடியும்" என்று எழுந்தார்.

அவள் குழுவில் பத்துக்குப் பத்து. என் குழுவில் ஆறு. தவறிய நான்கு பேரும் ஏழு படியையும் வரி பிசகாமல் சொன்னவர்கள்தான். தலையாட்டி வெளியே வந்து என் முன்னால் நின்று, மன்னித்துக்கொள்ளுங்கள் மேடம் என்றார். அப்போதும் தலை ஆடிக்கொண்டிருந்தது. அவரைத் திட்ட வாயெடுத்தேன். பன்னிரண்டு வருடமாக நான் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று சொன்ன மனிதரை என்ன சொல்லித் திட்டுவது?

அதிகாரி எங்கள் இருவரையும் உள்ளே அழைத்தார். மேஜைமேல் என் அறிக்கை இருந்தது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் உயிர் வந்தது. மதிப்பெண் எதுவானால் என்ன, அது அங்கே இருக்கிறது.

"தேர்வு முடிவு ஒரு பக்கம் இருக்கட்டும்," என்றார். "எனக்கு முடிவெடுக்க உதவினது இதுதான்." அறிக்கையை எடுத்து, ஒவ்வொரு வரியாக, அவள் முன்னாலேயே உரக்கப் படித்தார். பதினொரு நிமிடம். தவற்றை முதலில் கூறினார். கட்டிலில் படுத்திருந்தார். அவர் படிக்கப் படிக்க எனக்குக் காது சுட்டது. நான் எழுதியபோது இருந்த அதே வார்த்தைகள்தான், ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் அவர் வாயில் அத்தனையும் பாராட்டாக வந்து விழுந்தன.

"இவ்வளவு நுணுக்கமா கவனிச்சு, போட்டி போடறவங்களே இப்படி எழுதி நான் பார்த்ததில்ல. உங்களுக்குப் பெரிய மனசும்மா," என்றார்.

பெரிய மனசு. பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். பொறுப்பு அவளுக்கு என்றார். எனக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பெண்கள் வார்டு. நான் சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய முடியும்?

வாசலில் அவள் ஸ்கூட்டரை எடுத்து நிறுத்தி, "ஏறுங்கக்கா" என்றாள். பஸ்ஸில் போகிறேன் என்றேன். அவள் வண்டியை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். கால் வலித்தது, ஏறிவிட்டேன்.

இரண்டு தெரு தாண்டினோம். அவள் முகம் தெரியாது என்ற தைரியத்தில், அவள் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். "அது பாராட்டுன்னு நான் எழுதல."

"தெரியும்க்கா," என்றாள். "பதினாறு வருஷம் ஒரே வீட்டுல இருக்கோம். உங்க எழுத்து எனக்குத் தெரியாதா."

குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம். சிக்னலில் நிறுத்தியபோது அவளே தொடர்ந்தாள். நான் வார்டுக்குப் போக வேண்டியதில்லையாம். தனக்கு முதுகு இப்படி இருக்கையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கட்டிலில் விழுந்து எழ முடியாது, நோயாளியாக நடிக்க நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும் என்று நான் வெளியே வந்த பிறகு அதிகாரியிடம் கேட்டிருக்கிறாள். அவர் சரி என்றுவிட்டாராம்.

"கட்டில்ல படுக்கிறதா? நானா?"

"நல்ல நோயாளியைத் தூக்க யாருக்கும் பயிற்சி வேண்டியதில்லக்கா. எதுலயும் குத்தம் கண்டுபிடிக்கிற ஆள் வேணும்," என்றாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

எனக்குக் கோபமாக வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, இத்தனை நாளாகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். இதையெல்லாம் எங்கே கற்றாய், எந்த வகுப்புக்குப் போனாய் என்று.

"நான் எங்க போனேன்?" என்றாள். "நீங்க வண்டி கத்துக்குடுத்தது ஞாபகம் இல்லையா? முதல் நாள், நீங்களே புதுசா ஓட்டக் கத்துக்கிட்டப்போ ஒரு சுவத்துல போய் முட்டினதைச் சொல்லிட்டு சாவியைக் கையில குடுத்தீங்க. பின்னாடி ஏறி உட்கார்ந்தீங்க. விழுந்தா ரெண்டு பேரும் விழுவோம், போன்னு சொன்னீங்க. அவ்வளவுதான். அந்தப் பத்து நாள்ல நீங்க பேசினது மொத்தம் பதினொரு நிமிஷம்கூட இருக்காது."

ஞாபகம் வந்தது. ஸ்கூட்டருக்கு என்னிடம் ஸ்லைடு இல்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது கற்றுக்கொடுப்பது என்றே எனக்குத் தெரியாது.

வண்டி கிளம்பியது. வயிற்றெரிச்சல் போய்விட்டது என்று சொன்னால் பொய். அது அப்படியேதான் இருந்தது. ஆனால் முன்னால் உட்கார்ந்திருப்பவள் மேல் இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் இதே பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாளே ஒருத்தி, அவள் மேல்.

எங்கள் தெருமுனைத் திருப்பம் வந்தது. பிரேக் பிடி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் சரியான இடத்தில் பிடித்தாள்.